அப்பா எழுந்து வெளியே போகும் வரி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், மலைமேல் எங்களோடு வாழும் ஊராருக்கும், போளூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் அப்பாவை நினைத்து மலையேறி வந்திருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றதும், அச்சகத்தில் மாதிரிக்கு நாலைந்து பழைய மலர்களை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லா மலர்களிலும் மறைந்தவர் அஞ்சா நெஞ்சராக இருந்தார். எங்கள் அப்பா அப்படி இல்லை. அப்பா பயந்தவர். பாம்புக்குப் பயம், கரடிக்குப் பயம், மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் பயம், ஆஸ்பத்திரி வாசனைக்குப் பயம். நாங்கள் பிறந்த பிறகு எங்களுக்காகவும் சேர்த்துப் பயந்தார். "அதையெல்லாம் யாராவது அச்சுல போடுவாங்களா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். போடத்தான் வேண்டும். அவருடைய பயம் தெரியாதவர்களுக்கு அவர் கடைசியில் செய்தது என்னவென்று விளங்காது.

அப்பா கொங்கண் கடற்கரையில், அலிபாக் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். செக்காட்டிப் பிழைத்த குடும்பம். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள் என்பதால் அன்று மட்டும் செக்கு ஓடாது. எங்கள் முன்னோர் எந்தக் காலத்தில் கப்பலேறி அந்தக் கரைக்கு வந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தாத்தா காலத்தோடு செக்கு நின்றது. அப்பா மோட்டார் வேலை கற்றுக்கொண்டு, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றி, ஒரு கோடையில் ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தார். வேலை முடிந்து வண்டி இறங்கிப் போய்விட்டது. அப்பா போகவில்லை. காரணம் கேட்டால், "எறங்கற ரோட்ட ஒரு தபா எட்டிப் பாத்தேன். பயந்துட்டேன். இங்கியே இருந்துட்டேன்" என்பார். சிரிக்க வைக்கச் சொன்னாரா, நிஜமாகவே அதுதான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜமுனாமரத்தூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தார். ஊருக்குப் போய் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு அழைத்து வந்தார். நானும் தம்பியும் இங்கேதான் பிறந்தோம். சாமைக் கொல்லைக்கும் புளியமரத்துக்கும் நடுவில் வளர்ந்த எங்களுக்கு மராத்தி அரைகுறை, தமிழ்தான் வாயில் வரும்.

கரண்ட் வேலை செய்கிறவர் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. மெயினை அணைப்பார். ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். "இன்னா மோட்டார்காரே, உசுரு அவ்ளோ வெல்லமா?" என்று கொல்லைக்காரர்கள் கேலி செய்வார்கள். "பயந்தவனுக்குத்தான்யா கரண்ட் வேல. தெகிரியசாலி செத்துப்பூடுவான்" என்பார் அப்பா. ஆனால் மோட்டார் நின்று பயிர் வாடுகிறது என்று ஆள் வந்தால், மழையோ பனியோ, கிளம்பிவிடுவார். கரடிக்குக் கேட்கட்டும் என்று வழி நெடுகச் சத்தமாகப் பேசிக்கொண்டே போவார். பயந்துகொண்டேதான் போனார். ஆனால் போகாமல் இருந்ததில்லை. அவருடைய நற்குணம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைச் சொல்வேன்.

இனி எங்கள் விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் நாங்கள் வீட்டுக்குப் பின்னால் தழைப்பந்தல் போட்டு அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவதை ஊரார் பார்த்திருப்பீர்கள். அந்த விழா முடியும் நாளுக்கு சிம்ஹத் தோரா என்று பெயர். தோரா எங்கள் வேதம். அதன் மகிழ்ச்சி நாள் என்று பொருள். எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர்களில் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து வருகிற தோரா அன்றைக்கு முடியும். முடிந்த கையோடு முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிட வேண்டும். முடிந்தபடியே விட்டு எழுந்துவிடக் கூடாது.

பருவ வயது தாண்டிய பத்துப் பேர் கூடினால்தான் தோராச் சுருளைத் திறந்து வாசிக்கலாம். சில குடும்பங்களில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். எங்கள் வீட்டில் எல்லோரையும் எண்ணுவோம். மலைமேல் நாங்கள் நாலே பேர் என்பதால், அந்த விழாவுக்கு மட்டும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர்வார்கள். கொங்கணில் எங்கள் ஊர்த் தொழுகைக்கூடம் மூடப்பட்டபோது அங்கிருந்த சுருளைச் சென்னை அத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அத்தை அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போளூர் வழியாக வருவார். சுருள் கீழே விழுந்தால் பார்த்தவர்கள் எல்லோரும் நோன்பிருக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் அப்பா அதைக் கையில் வாங்கவே மாட்டார். "எனக்கு கை நடுங்கும், நீங்களே வெச்சிக்கங்க" என்று தள்ளி நின்றுகொள்வார்.

வாசிப்பது இளையவர்கள் நாங்கள்தான். பெரியவர்களில் பாதிப் பேருக்குக் கண் மங்கிவிட்டது, மீதிப் பேர் கற்றுக்கொள்ளவே இல்லை. ராகத்தோடு வாசிக்க வேண்டும், ஆனால் சுருளில் ராகக் குறி எதுவும் கிடையாது. உயிர்க்குறியும் கிடையாது. ப், ட், ம் என்று மொட்டையாக நிற்கும். அது படமா, பாடமா, பீடமா என்று வாசிக்கிறவருக்கு முன்பே மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பிசகினால், கேட்டுக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் உடனே சத்தமாகத் திருத்த வேண்டும். பாவம், சின்னப் பெண் என்று சும்மா இருக்கக் கூடாது. வாசிப்பவர் பிசகிய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசிக்க வேண்டும்.

தோராவின் கடைசிப் பகுதியில், எங்கள் மக்களை வழிநடத்தி வந்த மோசே ஒரு மலைமேல் ஏறி, தான் போக முடியாத நாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, அங்கேயே இறந்துபோகிறார். அவர் இறந்த செய்தி ஒரே ஒரு வரி. அந்த வரி நெருங்கும்போது அப்பா ஒவ்வொரு வருஷமும் எழுந்து வெளியே போய்விடுவார். மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். எந்த மோட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அப்பா சிறுவராக இருந்தபோது தாத்தா ஒரு வருஷம் அந்த வரியை வாசித்தார். அடுத்த விழாவுக்குத் தாத்தா இல்லை. அந்த வரியை வாயால் சொல்கிறவரைத் தேடிச் சாவு வரும் என்று அப்பாவின் மனதில் விழுந்துவிட்டது. எங்கள் வேதத்தில் அப்படி எங்கேயும் கிடையாது. சென்னையில் வளர்ந்த அத்தை மகன் கேலி செய்வார்: "மாமா, வருஷா வருஷம் உலகம் பூரா வாசிக்கிறாங்க. எல்லாரும் செத்தா போயிட்டாங்க?" அப்பா சிரிக்காமல் சொல்வார்: "செத்தவங்கள நீ எண்ணிப் பாத்தியா?"

அந்த வரியை வழக்கமாக வாசிப்பவர் அந்த அத்தை மகன்தான். அவர் வேலைக்காக இஸ்ரேலுக்குப் போனதும் அது என்னிடம் வந்தது. அவர் ஃபோனில் பாடி அனுப்புவார். திருப்பத்தூரில் பல் டாக்டரிடம் நான் பார்க்கும் வேலை முடிந்து மலைக்குத் திரும்பும் பஸ்ஸில், அதைக் காதில் மாட்டிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வருவேன். "இன்னாம்மா, பரிச்சையா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாண்ணே என்றேன். "பாஸாயிடுவ, வுடு" என்றார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் சோறு இறங்கவில்லை. "வேற எடம் குடுக்கச் சொல்லு. அது மட்டும் வேணாம் பாப்பா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பயமா, நான்தான் வாசிப்பேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. சளி என்று நினைத்தோம். வேலூரில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, அதை நிறுத்த மருந்தில்லை என்றார்கள். ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி அதற்கு இன்வர்ட்டர் இணைத்தான். அப்பா கட்டிலில் படுத்தபடியே ஒயரைக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பார். "எர்த் குடுத்தியாடா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டாரோ.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். பஸ்ஸில் அந்த வரி வரும்போது ஃபோனை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினேன். நான் அதைச் சொன்னால் அது எங்கள் வீட்டுக்குள் வரும், கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் என்று தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

விழாவுக்கு முன்தினம் மழை கொட்டியது. அத்தை சுருளோடு முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டார். பெங்களூர்க்காரர்களும் திருப்பத்தூர் வழியாக ஏறிவிட்டார்கள். அத்தைக்குப் பின்னால் வந்த சென்னை வண்டி மட்டும் போளூரிலேயே நின்றுவிட்டது. பாதையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. காலையில் எங்கள் பக்கத்துக் கொல்லை கோவிந்தம்மா அக்கா பூசணிக்காயும் சாமையும் எடுத்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். தோராவின் கடைசிப் பகுதியை வாசிப்பவரை அதன் மணமகன், மணமகள் என்று அழைப்பது எங்கள் வழக்கம். அது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. "பாப்பாவுக்குக் கல்யாணமாமே! எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று சண்டைக்கு வந்தார். விளக்கிச் சொன்னதும், "மாப்ள இல்லாத கல்யாணமா? சண்ட சச்சரவு இல்ல, நல்லாத்தான் இருக்கும்" என்றார். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வாசிப்பு முடியும்வரை அப்பாவின் கட்டிலைக் கடைப்பக்கத்து அறைக்குத் தள்ளிவிடலாம் என்று அம்மா நினைத்திருந்தார். கூடத்தில் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்பாவைச் சேர்த்தால்தான் பத்து. ஒரு ஆள் குறைந்தாலும் சுருளைத் திறக்க முடியாது. அத்தை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இந்த வருஷம் பாட்டு மட்டும் பாடி முடிச்சிக்கலாம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரி அத்தை, சரி என்று அவசரமாகத் தலையாட்டினேன்.

அப்பா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "ஏன், நான் ஒரு ஆளு இல்லியா?" என்றார்.

"உங்களுக்கு முடியாதுங்க" என்றார் அம்மா.

"படுத்துக்கினு கேக்கறதுக்கு இன்னா முடியணும்? தெறங்க."

அவருடைய கண்ணில் இருந்த பயம் எனக்குத் தெரிந்தது. அதே கண்ணோடுதான் சொன்னார். சுருளை மேசைமேல் விரித்தார்கள். தம்பி அச்சுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். பிசகினால் முதலில் சொல்ல வேண்டியவன் அவன்தான். நான் வெள்ளிக் குச்சியால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு வாசித்தேன். மோசே தன் மக்களை ஆசீர்வதிக்கும் பகுதி முடிந்தது. மோசே மலையேறினார். நாட்டைப் பார்த்தார். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வரி வந்தது. நான் வேண்டுமென்றே தாண்டினேன் என்று சொல்ல முடியாது, தவறித் தாண்டினேன் என்றும் சொல்ல முடியாது. குச்சி நகர்ந்தது, கண் கூடப் போனது, வாய் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தம்பியின் விரல் புத்தகத்தில் அப்படியே நின்றது. அவன் வாயைத் திறக்கவில்லை. அத்தை தரையைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். சின்னத் தவறுக்கெல்லாம் குறுக்கே கத்துகிற பெங்களூர்க்காரர்கள்கூட மூச்சு காட்டவில்லை. நான் மேலே வாசித்துக்கொண்டே போனேன். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. அந்த வரி, முழுசாக. என் ராகத்தில் இல்லை. தாத்தா வீட்டில் பாடிப் பாடிப் பழகியதைக் கேட்டு வளர்ந்தவர் அல்லவா, அந்தக் கொங்கண் கரைப் பழைய ராகத்தில். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. இறந்தார் என்கிற சொல்லை விழுங்காமல், தெளிவாகச் சொன்னார். பிறகு, "திரும்பிப் போ பாப்பா" என்றார்.

திரும்பிப் போனேன். வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

அதோடு தீரவில்லை. பெரிய ஊர்களில் இரண்டு சுருள் இருக்கும், முடித்ததும் அடுத்ததைத் திறந்துவிடுவார்கள். எங்களிடம் ஒன்றுதான். கடைசியிலிருந்து முதல்வரை மொத்தச் சுருளையும் திருப்பிச் சுற்ற வேண்டும். அத்தை ஒரு கட்டையையும் தம்பி ஒரு கட்டையையும் பிடித்துச் சுற்றினார்கள். மற்றவர்கள் பாடினார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை. அப்பாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவில், திறந்த வாசல் மாதிரி, எங்கள் வீடு அப்படியே கிடந்தது. "சீக்கிரம் சுத்துடா, சீக்கிரம்" என்று தம்பியைக் கத்தினேன். ஒருவழியாக முதல் பத்தி வந்தது. உலகம் உண்டான கதையைத் தம்பி வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"ஏம்பா சொன்னீங்க? எல்லாரும் சும்மாதான இருந்தாங்க?"

"தப்பா வாசிச்சா சொல்லணும். அதான மொற" என்றார். மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்: "மொதல்ல சொன்னது யாரு?"

"நீங்க."

"நீ எப்ப சொன்ன?"

"உங்களுக்கு அப்பறம்."

"அவ்ளோதான். வந்தா எங்கிட்ட வரட்டும். நீ எனக்கு அப்பறம்தான்."

"பயமா இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாமயா? கையப் பாரு" என்று நீட்டினார். கை சில்லென்று வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலைப் பொழுதில், அம்மா கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார். டாக்டர் முன்பே சொல்லியிருந்ததுதான். வரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தம்பி சொல்கிறான். நானும் அப்படித்தான் நம்புகிறேன். வெளிச்சமாக இருக்கும்போது நன்றாகவே நம்புகிறேன்.

எங்கள் வழக்கப்படி அன்றே அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஈரத்தில் வழுக்குகிற மண்ணில், சொல்லாமலே மண்வெட்டியோடு வந்து குழி வெட்டிய ஊராருக்கு எப்படி நன்றி சொல்வது? "உங்க சாங்கியம் இன்னா, நாங்க இன்னா செய்யலாம், இன்னா செய்யக் கூடாது?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கையில் எடுத்தார்கள். எங்கள் பிரார்த்தனைக்கு ஆள் வேண்டுமே என்று, அதுவரை அகற்றப்படாமல் கிடந்த மண்சரிவின்மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து ஏறி வந்த சென்னை உறவினர்களுக்கு நன்றி. நாங்கள் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்த நாட்களில் எங்கள் அடுப்பு எரியவில்லை. கோவிந்தம்மா அக்கா வீட்டு அடுப்புதான் எங்களுக்கும் எரிந்தது. மெஷின் பழுதானபோது உதவிய ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவுக்கும், ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்று அப்பா கத்தியும் பொறுமையாக வேலூருக்கு ஓட்டிப் போன டிரைவர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவின் முதல் ஆண்டு நினைவு நாள், சிம்ஹத் தோரா விழாவுக்கு அடுத்த வாரம் வருகிறது. அன்றுதான் இந்த மலரை உங்கள் கையில் கொடுப்போம். ஆனால் நான் இதை அச்சுக்குக் கொடுக்கும் இன்று, விழா இன்னும் வரவில்லை. இந்த வருஷமும் அந்த வரி எனக்குத்தான். வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்று அம்மா கெஞ்சுகிறார். முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன். நான் தாண்டினால் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் சத்தியம் கேட்டேன். "நீ தாண்டாதக்கா. என்னைச் சொல்ல வெக்காத" என்கிறான். அவனுக்கும் பயம்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த நாள் முடிந்திருக்கும். வாசித்தேனா, தாண்டினேனா என்று என் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இப்போது தெரியாது. பயமாக இருக்கிறது. இந்தத் தடவை அதை எனக்கு முன்னால் சொல்ல யாரும் இல்லை.